கோணல் கரை

செப். 12, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. உதடு வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன். மகள் வீட்டுக்கு, இந்த நியூ மெக்சிகோவுக்கு வந்து இன்றோடு பதினெட்டு நாள்.

நாளை மீனாவும் நானும் ஒரு பழைய ஊரைப் பார்க்கப் போகிறோம். காரில் மூன்று மணி நேரம். பியூப்லோ என்கிற இந்த நாட்டுப் பூர்வகுடி மக்களின் முன்னோர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்லால் கட்டி, பிறகு விட்டுப் போன ஊர். பக்கத்திலேயே மியூசியமும் உண்டாம்.

எடுத்து வைக்க: தொப்பி (மீ. கட்டாயம் என்கிறாள்). தண்ணீர் ஆறு பாட்டில். புளியோதரை, மாங்காய் ஊறுகாய். பிரஷர் மாத்திரை. முழங்கால் தைலம். சேலை வேண்டாமாம், சுடிதார்தானாம். ஷூ வேறு. அதன் கயிற்றைக் கட்டக் குனிந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

மீ.: "ஏம்மா, நீ ஹிஸ்டரி டீச்சராச்சேன்னுதான் அங்க கூட்டிட்டுப் போறேன். என் ஃப்ரண்ட்ஸ் அம்மால்லாம் ஷாப்பிங் மால் கேக்குதாங்க."

ரிட்டையர் ஆகி நாலு மாசம். இன்னும் டீச்சர்தான். சரி.

செப். 13, சனி

போய் வந்தாயிற்று. குளித்தும் தலையில் மண்.

வழி நெடுக ஆளில்லை, வீடில்லை. கோடையில் நம்ம ஊர்க் குருவிகுளம் பக்கம் பஸ்ஸில் போனால் தெரிகிற வெட்டவெளி. மண்தான் கறுப்பில்லை, செம்மஞ்சள்.

சுவர் மெல்லிய கல் பலகைகளை அடுக்கி அடுக்கிக் கட்டியது. அறைக்குள் அறை, அதற்குள் அறை. வாசல் என் இடுப்புயரம். உத்திரக் கட்டை சில இன்னும் அப்படியே இருக்கிறது. வட்டமாகப் பூமிக்குள் இறங்கும் பெரிய அறை ஒன்று. கிவா என்று பெயர். சாமி காரியம் நடந்த இடம், இறங்கக் கூடாது என்று பலகை. நல்ல மனசோடுதான் பலகையை முழுக்கப் படித்தேன்.

படித்துவிட்டுத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கிவா சுவரோரம் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து நெற்றியில் பூசினேன். இன்னும் ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்தேன். யோசிக்கவே இல்லை. சங்கரன்கோவில்காரி கை. சாமி இடம் என்றால் மண் என்று அதற்குப் பழகிப்போயிற்று. புற்றுமண் எடுக்காமல் நான் எந்த ஆடித் தபசுக்கும் வீடு திரும்பியதில்லை.

மீ. முகம் செத்துவிட்டது. "அம்மா! எதையும் எடுக்கக் கூடாதும்மா! கீழ போடு, கீழ போடு. அந்தம்மா பாக்குதாங்க."

அந்த அம்மா இடத்தைச் சுற்றிக் காட்டுகிறவர். பியூப்லோ இனத்துக்காரர். என் வயசிருக்கும், கொஞ்சம் பருமன், கழுத்தில் பச்சை நீலக் கல் மாலை. இந்த ஊரை விட்டுப் போனவர்களின் வழிவந்தவர். ஒரு தரம்கூட 'பாழடைந்த ஊர்' என்று சொல்லவில்லை. 'எங்கள் பழைய வீடு' என்றுதான் சொன்னார்.

கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊர்க் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம், மருந்தும் அதுதான், பூசுவோம், வீட்டுக்கும் கொண்டுபோவோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மிச்சத்தை மீ. சொன்னாள். கவனமாகக் கேட்டார்.

"அதை உங்களுக்கு யார் தருவார்கள்?"

"கோவிலில் வைத்திருப்பார்கள். நாங்கள் எடுத்துக்கொள்வோம்."

"இங்கே யாரும் எடுத்துக்கொள்ள வைக்கவில்லையே" என்றார்.

முடிச்சை அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே கொட்டினேன். கைக்குட்டையையும் உதறினேன். நெற்றியைத் துடைக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். பூசியது இருக்கட்டுமாம். பிறகு சொன்னார்: "வருஷக்கணக்கில் வீட்டில் வைத்திருந்துவிட்டு, மனசு கேட்காமல் தபாலில் அனுப்புகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டீர்கள். நல்ல மனுஷி."

நல்ல மனுஷி. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மியூசியம். சின்னதுதான், சுத்தமானது. பார்த்தவை: யுக்கா என்ற கற்றாழை மாதிரிச் செடியின் நாரில் பின்னிய செருப்பு. வான்கோழி இறகுப் போர்வை. விரல் நீள மக்காச்சோளக் கதிர், கறுத்துப் போனது (தம்பி வேலு போடுகிற மக்காச்சோளத்துக்குப் பாட்டன்). வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட பானைகள், உடைந்ததை ஒட்டியவை. கைப்பிடி வைத்த ஒரு குவளை.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது. கீழே அட்டை: கல்லறைகளிலிருந்து எடுத்து இங்கே வைத்திருந்தவை அவர்களுடைய மக்களிடம் திருப்பித் தரப்பட்டு மறுபடி புதைக்கப்பட்டன.

அதன் முன்னால் நிற்கும்போதா மீ. அதைச் சொல்ல வேண்டும்? "அம்மா, அந்தக் குவளையப் பாத்தியா? நம்ம வீட்டு பீரோவுல பட்டுச்சேலைக்குப் பின்னால ஒரு கறுப்புக் குவளை வச்சிருக்கியே, கிட்டத்தட்ட அதே சைஸ். அது எங்க வாங்குனது?"

"திருநெல்வேலி பொருட்காட்சியில" என்றேன். ரெண்டு வருஷம் முன்னால் லீவுக்கு வந்தபோது கேட்டதற்கும் இதே பொய்தான். ஒரே பொய்யை மாற்றாமல் சொல்கிற ஒழுக்கமாவது இருக்கிறது.

புளியோதரை சாப்பிடவில்லை. கார் சூட்டில் கெட்டுப்போயிற்று.

செப். 14, ஞாயிறு

மேகம். மீ. துணி துவைக்கப் போட்டிருக்கிறாள். மெஷின் சத்தம். எழுதிவிடுகிறேன், இதுவரை எந்த டைரியிலும் எழுதாததை.

மூன்று வருஷத்துக்கு முன், புரட்டாசி. குருவிகுளம் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் தம்பி வேலுச்சாமி பண்ணைக்குட்டை வெட்டிக்கொண்டிருந்தான். மழைக்கு முன் முடித்தால்தான் தண்ணீர் பிடிக்க முடியும். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, பாடு முழுக்க அவனுடையது. எனக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, மூன்றாம் பீரியட். போன் வந்தது.

"யக்கா, ஜேசிபி தோண்டத் தோண்டப் பெரிய பெரிய பானையா வருது. ஒண்ணு உடஞ்சு உள்ள எலும்பு கெடக்கு. என்ன செய்ய?"

என்னவென்று எனக்குத் தெரியும். முதுமக்கள் தாழி. செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பானை. வருஷா வருஷம் போர்டில் வரைந்து காட்டியிருக்கிறேன். என் தாழிப் படம் பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். 'நிலத்தில் இப்படிக் கிடைத்தால் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்' என்று பிள்ளைகளை எழுத வைத்தவள் நான். ரெண்டு மார்க் கேள்வி.

வராந்தாவுக்கு வந்து சொன்னேன்: "வெளிய மூச்சு விடாத. உடச்சு மூடிரு. வேலையப் பாரு."

வகுப்புக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பாடம் நடத்தினேன்.

ஏன்? நிலத்தை வளைத்து வேலி போட்டுவிடுவார்கள், மழை வந்துவிடும், ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். இதெல்லாம் பிறகு நான் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த நிமிஷம் இருந்தது பயம்தான். நமக்கெதற்கு வம்பு என்கிற பயம்.

அடுத்த ஞாயிறு பார்க்கப் போனேன். குட்டை முடிகிற மாதிரி இருந்தது. அள்ளிப் போட்ட மண்ணில் அந்தக் குவளை. உள்ளே வழவழவென்று கறுப்பு, வெளியே பாதி சிவப்பு, ஒரு கீறல் இல்லை. எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டேன். எடுத்துக்கொள்ள யார் வைத்தார்கள் அதை?

அன்றைக்கு வேலுவைத் திட்டவும் செய்தேன். "ஏலே, கிழக்குக் கரை என்னல இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது? கயிறு புடிச்சு வெட்டச் சொல்லக் கூடாதா?"  அதற்குப் பிறகு அவன் என்னோடு சரியாகவே பேசவில்லை. பொங்கலுக்கு வருவான், காய்கறி வைத்துவிட்டுப் போவான். ஒன்றும் கேட்க மாட்டான்.

மெஷின் நின்றுவிட்டது. மீ. கூப்பிடுகிறாள்.

செப். 24, புதன்

சங்கரன்கோவில். நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். புழுக்கம். வீட்டில் ஒரு விரல் தூசி, அடுக்களையில் எறும்பு. மோட்டார் போட்டால் காற்றுத்தான் வருகிறது. பகலெல்லாம் தூக்கம் தள்ளுகிறது.

செய்ய வேண்டியவை: பால்காரரிடம் சொல்ல. கேஸ் பதிய. எதிர்வீட்டுக்குச் சாக்லேட். வேலுவுக்கு வாங்கிய சட்டை.

பீரோவைத் திறந்தேன். பட்டுச்சேலைகளுக்குப் பின்னால் அது அப்படியே இருக்கிறது. கையில் எடுத்தேன். சரியாக உள்ளங்கையில் உட்கார்கிறது. இதில் யாருக்கு என்ன வைத்துக் கொடுத்தார்களோ, போகிற வழிக்கு. அரிசியோ, தண்ணீரோ. நான் அதை மாசம் ஒரு தரம் துணியால் துடைத்து வைத்ததைப் பெரிய மரியாதை என்று நினைத்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

செப். 26, வெள்ளி

காலையில் கோவிலுக்கு. கொலு, கூட்டம். புற்றுமண் குவித்திருக்கும் இடத்தில் நின்று பார்த்தேன். ஒரு அம்மா மகள் கை அரிப்புக்குக் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஒருத்தர் பேப்பரில் பொதிந்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, அது கொடுக்கிறதற்கென்றே இருக்கிற மண்.

நான் எடுக்கவில்லை. முதல் தடவையாக வெறும் நெற்றியோடு வந்தேன். வாசலில் பூக்காரி, "டீச்சர், அமெரிக்கா போயிட்டு வந்து துன்னூறுகூடப் பூசலியா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

வேலுவுக்குப் போன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். "வா" என்றான். வைத்துவிட்டான்.

செப். 28, ஞாயிறு

ஏழரை பஸ். வெயில் ஏறுமுன் நிலத்துக்குப் போய்விட்டோம். மக்காச்சோளம் முழங்கால் உயரம். குட்டையின் அடியில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு கொக்கு. இந்தத் தண்ணீரை வைத்துத்தான் போன வருஷம் அவன் கடைசி நேரத்தில் பயிரைக் காப்பாற்றினான். அதையும் எழுத வேண்டும், நியாயத்துக்கு.

கரையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். அந்தக் கல் ஊர், மண், காலிப் பெட்டி. பையிலிருந்து குவளையை எடுத்துக் காட்டினேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"நீ எடுத்துட்டுப் போனது தெரியும். முந்தானை புடைச்சிக்கிட்டு இருந்துச்சுல்லா."

மூணு வருஷமாகத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

"ஆபீஸ்ல போய்ச் சொல்லிரலாம்னு இருக்கேன் வேலு. எல்லாத்தையும் உடச்சு மூடியாச்சு, இருந்தாலும் சொல்லணும்."

 அவன் எழுந்து கிழக்குக் கரைக்குப் போனான். பின்னாலேயே போனேன். கரை கோணித் திரும்புகிற இடத்தில், வெளிப்பக்கம், ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு உழாத தரை. ஆவாரஞ்செடி மண்டிக் கிடக்கிறது.

"மூணு தாழி ஜேசிபி வாயிலயே போச்சு. ரெண்டு முழுசா நின்னுச்சு. நீ உடைக்கச் சொன்ன. எனக்கு மனசு வரல. அதுக்குள்ள ஆள் இருக்குல்லா. அப்படியே மண்ணத் தள்ளி மூடிட்டு, கரைய வளச்சுக் கொண்டுபோகச் சொன்னேன். கோணலு கோணலுன்னு வஞ்சியே, அதுக்குத்தான்."

கீழே உட்கார்ந்துவிட்டேன். 

அவன் விடவில்லை. மூணு வருஷத்துக்குச் சேர்த்துப் பேசினான்.

"அன்னைக்கு உனக்கு என்னத்துக்குப் போன் பண்ணுனேன்? எங்கக்கா டீச்சரு, 'ஏலே தொடாத, நான் வாரேன், வி.ஏ.ஓ.வக் கூப்பிடு'ன்னு சொல்லுவான்னுதான். ஜேசிபிய நிறுத்திட்டுத்தான் பேசுனேன். நீ ஒரு நிமிசத்துல முடிச்சிட்ட."

"தப்புதான்."

"ஜேசிபிக்காரன் எங்கனயோ வாய விட்டுட்டான். டீக்கடையில உக்காந்தா, 'செத்த பொணத்தையும் விடாம நோண்டி எறிஞ்சவன்'ங்கான். பாக்கியம் தண்ணி எடுக்கப் போனா அவ காதுபடப் பேசுதாளுவ. உன்னைய ஒருத்தன் சொல்லல. 'டீச்சருக்குத் தெரிஞ்சா விட்டிருப்பாகளா'ன்னுதான் பேசுதாங்க. நானும் சொல்லிக்கிடல."

பாக்கியம் அவன் பெண்டாட்டி. மத்தியானம் அவள் கையால்தான் சாப்பிட்டேன். கூட்டு, அப்பளம், மோர். நன்றாகக் கவனித்தாள்.  நான் நல்ல பெயரோடு ரிட்டையர் ஆனேன், சந்தன மாலை, பொன்னாடை. மேடையில் மூன்று பேர் பேசினார்கள்.

சட்டையைக் கொடுத்தேன். தோளில் வைத்து அளவு பார்த்துவிட்டு மடித்து வைத்தான்.

செப். 29, திங்கள்

தூறல் போட்டு நின்றுவிட்டது. மனு எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று.

முதல் தாள்: 'எங்கள் நிலத்தில் தாழிகள் இருப்பதாகத் தெரிய வருகிறது.' யாருக்குத் தெரிய வருகிறது? கிழித்தேன்.
இரண்டாவது: 'அறியாமையால் மூடப்பட்டது.' யாருடைய அறியாமை? நாற்பது பேருக்கு மார்க் போட்டவளுடையதா?
மூன்றாவதில் அமெரிக்கா, மனசாட்சி என்று ஒரு பக்கம். படிக்க எனக்கே சகிக்கவில்லை.
நாலாவதில் மை கொட்டிவிட்டது.

மீ.க்குப் போன். குவளை எங்கே வாங்கியது என்று உண்மையைச் சொன்னேன்.  "அந்தக் காலிப் பெட்டிக்கு முன்னால நின்னுக்கிட்டு எங்கிட்டப் பொய் சொன்னியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அழுதாள். நானும்.

வேலுவிடம் நாளைக்குப் போகிறேன் என்றேன். புதன் ஆயுத பூஜை, வியாழனும் லீவு, தள்ளிப் போட்டால் போட்டதுதான், என்னை எனக்குத் தெரியும். "கொண்டுபோய் விடுதேன். உள்ள வரமாட்டேன்" என்றான்.

செப். 30, செவ்வாய்

வெயில். பஸ் தாமதம். குவளையைப் பழைய பருத்திச் சேலையில் சுற்றி, தூக்குச்சட்டிக்குள் வைத்து, மடியிலேயே கொண்டுபோனேன். பக்கத்து சீட்டு அம்மா, "என்ன டீச்சர், தம்பிக்குக் கொழம்பா?" என்று கேட்டாள்.

ஸ்டாப்பிலிருந்து வேலு பைக்கில். புதுச் சட்டை போட்டிருந்தான். சொன்னபடி வி.ஏ.ஓ. ஆபீஸ் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டான். உள்ளே பெஞ்சில் சர்ட்டிபிகேட்டுக்கு வந்த ஊர்க்காரர்கள் நாலு பேர்.

வி.ஏ.ஓ. ஒரு பெண். நிமிர்ந்து பார்த்து எழுந்தேவிட்டாள். "டீச்சர்! நான் செல்வி. ஒம்பதாம் கிளாஸ் பி." முகம் நினைவிருக்கிறது, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின முன் பெஞ்சு. இந்த ஊருக்கு வந்து ஆறு மாசமாம்.

தூக்கைத் திறந்து மேசையில் வைத்தேன். அவள் குவளையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"காதுல விழுந்துச்சு டீச்சர். உங்க தம்பிதான்னாங்க. நான் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்."

இரண்டு தாழி முழுசாக இருப்பதைச் சொன்னேன். அவள் கண் மலர்ந்தது. "முழுசாவா? நீங்க போர்டுல வரைவீங்களே, அப்படியேவா?" உடனே ஒரு தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, கட்டங்கள் போட்டாள். சர்வே எண். உரிமையாளர். கண்டெடுத்தவர். கிடைத்த நாள். இன்னும் என் பிள்ளைதான்.

மூன்றை நிரப்பினேன். நாலாவதில் பேனா நின்றது.

"நேத்து தண்ணி அரிச்சு வெளிய தெரிஞ்சுதுன்னு போட்டுக்கிடுங்க டீச்சர்" என்றாள் மெதுவாக. "உங்களுக்கும் சங்கடம் வேண்டாம், அவருக்கும் வேண்டாம். பொருள் வந்துருதுல்லா."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எழுதியிருக்கலாம், ஒரு வரிதான். ஜன்னலுக்கு வெளியே வேலு தெரிந்தான், இந்தப் பக்கம் பார்க்காமல்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய புரட்டாசி என்று எழுதினேன். மூடச் சொன்னது யார் என்பதற்கு அவள் கட்டம் போடவில்லை. சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், மேலிருந்து கீழாக எழுதினேன்: தம்பி கேட்டான், உடைத்து மூடச் சொன்னது நான், ஒரு குவளையை எடுத்துக்கொண்டதும் நான், உடைக்காமல் காப்பாற்றியது அவன். கீழே முழுப் பெயர், ரிட்டையர்டு பட்டதாரி ஆசிரியை என்பதோடு.

செல்வி படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். "டீச்சர், மார்ஜினுக்கு அந்தப் பக்கம் எழுதக் கூடாதுன்னு கையில அடிச்சவங்க நீங்க" என்றாள். 

"எடம் இல்ல செல்வி. வெளிய தம்பி நிக்கான், அவனக் கூப்பிட்டு இதச் சத்தமா வாசி."

அவள் பெஞ்சைப் பார்த்தாள். "ஊர்க்காரங்க நாலு பேர் உக்காந்திருக்காங்க டீச்சர்."

"அதுக்குத்தான்" என்றேன்.